வேலை போன போர்க்கப்பல்கள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆறுமுகநேரி நெருங்குவதை முதலில் சொல்வது உப்புதான். சாலையோரம் பாத்திகள், வரப்பில் வெள்ளைக் குவியல்கள், அவற்றுக்குப் பின்னால் சாகுபுரம் ரசாயன ஆலையின் புகைபோக்கிகள். 1950களின் இறுதியில் ஆலை வந்த பிறகுதான் சாகுபுரம் என்ற பெயரே வழக்குக்கு வந்தது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் காயல்பட்டினம் கடற்கரை. வடக்கே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல். சாயங்காலம் காயல்பட்டினம் மணலில் காற்று வாங்க உட்காருகிறவர்களின் கண்ணில் சில நாள் தொடுவானத்தோரம் ஒரு வெள்ளைக் கப்பல் படும். அவசரமே இல்லாமல் ஊர்ந்து போகும். கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் அது.

இந்தக் கரையில் ஒரு மிதவையின் பெயரைச் சொன்னால் அதன் வேலையையும் சொன்ன மாதிரி. கட்டுமரம் கரையோர மீனுக்கு. வள்ளம் வலைக்கும் சங்குகுளிப்புக்கும். தோணி சரக்குக்கு, அதுவும் கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ போகிற சரக்குக்கு. விசைப்படகு மடி இழுக்க. தோணியில் மீன் பிடிக்கப் போனதாக யாராவது சொன்னால் கரையில் இருக்கும் சின்னப் பையன்கூடச் சிரிப்பான்.

விண்வெளிப் போர்க் கதைகளில் இந்தச் சிரிப்பு கேட்பதில்லை. அங்கே ஃப்ரிகேட், கார்வெட், டெஸ்ட்ராயர், க்ரூசர் என்று கடற்படைப் பெயர்கள் அத்தனையும் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும். எதற்கு எந்தப் பெயர் என்று கேட்டால் பெரும்பாலும் அளவைத்தான் பதிலாகச் சொல்வார்கள். சின்னது கார்வெட், கொஞ்சம் பெரியது ஃப்ரிகேட், அதைவிடப் பெரியது டெஸ்ட்ராயர். சட்டை அளவு மாதிரி.

நிஜத்தில் இந்தப் பெயர்களும் தோணி, வள்ளம் போல வேலையிலிருந்து வந்தவைதான். 1890களில் டார்பிடோ என்ற புது ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு குட்டிப் படகுகள் பெரிய போர்க்கப்பல்களை மிரட்டின. அந்தப் படகுகளை விரட்டி அழிக்கக் கட்டப்பட்டதுதான் 'டார்பிடோ படகு அழிப்பான்'. முன்பாதி உதிர்ந்து 'அழிப்பான்' மட்டும் நின்றது, அதுதான் டெஸ்ட்ராயர். ஈழத்துப் பத்திரிகைகள் அதை நாசகாரிக் கப்பல் என்று எழுதும். கொசு அடிக்கிற மட்டையாகப் பிறந்தது, 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு 'ஸ்டார் டெஸ்ட்ராயர்' ஆக வளர்ந்துவிட்டது. தொடக்கக் காட்சியில் அது திரையைக் கடந்து முடிப்பதற்குள் பாப்கார்ன் தீர்ந்துவிடும்.

க்ரூசர் என்ன செய்யும் என்பதைத் தமிழருக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "அவன் சரியான எம்டன்" என்று வீட்டில் ஒருவரைச் சொல்கிறோமே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் இலகுரக க்ரூசர். கூட்டத்தோடு சேராமல் தனியே நெடுந்தூரம் சுற்றி எதிரியின் வணிகக் கப்பல்களை வேட்டையாடுவது அதன் தொழில். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆட்டம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் முடிந்தது. எதிரே வந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'யிடம் 152 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன, எம்டனிடம் இருந்தவை 105 மில்லிமீட்டர். தனியாகத் திரிகிற கப்பல் தன்னைவிடப் பலசாலியிடம் மாட்டாமல் இருக்க வேண்டும். மாட்டினால் கதை முடிந்தது.

பெயர்க் குழப்பம் சுவாரசியமான விஷயம்தான். ஆனால் நல்ல எழுத்தாளர்கள் மினக்கெடுவது வேறொரு கேள்வியில். போர் நடக்கும்போது எந்தக் கப்பல் வேண்டும் என்பதை எதிரியே சொல்லிக்கொடுத்துவிடுவான். போர் முடிந்த மறுநாள் காலையில் துறைமுகம் முழுக்க நிற்கிற அந்தக் கப்பல்களை என்ன செய்வது?

ஜாக் கேம்பெல் என்ற புனைபெயரில் எழுதும் ஜான் ஹெம்ரி அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். 2006ல் தொடங்கிய அவருடைய 'தி லாஸ்ட் ஃப்ளீட்' வரிசையில் நூறாண்டுகளாக ஒரு விண்வெளிப் போர் நடக்கிறது. அடுத்த வரிசையில் போர் முடிந்துவிடுகிறது. அங்கே அவர் வைக்கிற முடிச்சு பிரமாதம். கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தானாகவே பழுதாகத் தொடங்குகின்றன. சதி இல்லை, எதிரி இல்லை. போர்க்காலத்தில் ஒரு கப்பல் சில ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதே அபூர்வம் என்பதால், எப்படியும் வெடித்துச் சிதறப் போகிற ஒன்றுக்கு நல்ல வயரிங் எதற்கு என்று அரைகுறையாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். சாகாமல் பிழைத்ததுதான் அவற்றின் சிக்கல். பீரங்கியைவிட ஸ்பேர் பார்ட்ஸ் முக்கியமாகிவிடுகிற விண்வெளிக் கதை அதிகம் இல்லை.

டேவிட் வெபர் எழுதிய ஹானர் ஹாரிங்டன் நாவல்களில் 2002ல் வந்தது 'வார் ஆஃப் ஹானர்'. சண்டை நின்றதும் மாண்டிகோர் அரசு, நம்மிடம் புது வகைக் கப்பல்கள் இருக்கின்றன, பழசு எதற்கு என்று படையைக் குறைக்கிறது. பாதி கட்டிய கப்பல்களை அப்படியே நிறுத்துகிறது. போர்க்கால வரியை மட்டும் விடாமல் வசூலிக்கிறது. எதிரி சத்தம் போடாமல் புதுக் கப்பல்களைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பட்ஜெட் விவாதத்தை விறுவிறுப்பாக எழுத முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம், பக்கங்கள் கொஞ்சம் கூடுதல் என்றாலும்.

ஜப்பானியர்கள் இன்னொரு வழியில் போனார்கள். 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த 'யமாட்டோ', உலகம் கட்டிய போர்க்கப்பல்களிலேயே மிகப் பெரிய வகையைச் சேர்ந்தது. 1974ல் ஒரு தொலைக்காட்சி அனிமேஷன் தொடர் அதைக் கடலடியிலிருந்து எழுப்பி விண்வெளிக் கப்பலாக்கிப் பூமியைக் காப்பாற்ற அனுப்பியது. தோற்ற தேசம் தன் கப்பலைக் கற்பனையில் மீட்டுக்கொண்டது என்று அதைப் படிக்க இடமிருக்கிறது.

நிஜத்தில் அதே ஜப்பான் 'இசுமோ' என்ற கப்பலைக் கட்டி 2015ல் படையில் சேர்த்தது. நீளம் 248 மீட்டர், மேலே முழுக்கத் தட்டையான விமானத் தளம். பார்த்தவர்கள் விமானந்தாங்கி என்றார்கள். அரசு 'ஹெலிகாப்டர் டெஸ்ட்ராயர்' என்றது. போருக்குப் பிந்தைய அரசியல் சட்டத்தின் கீழ் தாக்குதலுக்கான விமானந்தாங்கி வைத்துக்கொள்வது சிக்கல் என்பதுதான் காரணம். 'ஸ்டார் ட்ரெக்' தொடர் ஒன்றில் வரும் 'டிஃபையன்ட்' கப்பலும் இதே ஜாதி. அமைதி விரும்பிகளான அதன் சொந்தக்காரர்கள் ஆவணத்தில் அதைக் காவலுக்குத் துணை போகும் கப்பல் என்று எழுதி வைத்துவிட்டு, உள்ளே முழுப் போர்க்கப்பலைக் கட்டியிருப்பார்கள். எழுத்தாளர்கள் இதற்கெல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டு யோசித்திருக்க வேண்டியதில்லை.

தமிழில் அறிவியல் கதை என்றால் சுஜாதாவின் ஜீனோ நினைவுக்கு வரும், கப்பல் கதை என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா'. இரண்டையும் சேர்த்து ஒரு விண்வெளிக் கடற்படையை யாராவது கட்ட நினைத்தால் ஆங்கில நாவல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவும் அதைச் சுற்றிய கடலும் போதும்.

1939ல் பிரிட்டிஷாரின் இந்தியக் கடற்படையில் போர்க்கப்பல்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான். 1945ல் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேல். போர் முடிந்தது. கப்பல்களைப் போலவே ஆட்களும் மிதமிஞ்சிப் போனார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் இனவெறிப் பேச்சு ஆகியவற்றோடு, வீட்டுக்கு அனுப்பப்பட்டால் பிழைப்பு என்ன என்ற கவலையும் சேர்ந்துதான் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் 'தல்வார்' தளத்தில் வெடித்தது. கடற்படை எழுச்சி என்று நாம் பாடத்தில் படிக்கிற அதற்குள்ளே, படை குறைப்பு பற்றிய ஒரு சாதாரண வயிற்றுக் கவலையும் இருந்தது.

அடுத்த ஆண்டு பாகப் பிரிவினை. அண்ணன் தம்பி பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல கப்பல்களைப் பிரித்தார்கள். ஸ்லூப் எனப்படும் துணைக்காவல் கப்பல்களில் இந்தியாவுக்கு 4, பாகிஸ்தானுக்கு 2. ஃப்ரிகேட் ஆளுக்கு 2. கண்ணிவாரிக் கப்பல்களில் 12க்கு 4. இந்தியாவின் பங்கில் வந்த ஸ்லூப்களுக்கு சட்லெஜ், ஜம்னா, கிஸ்ட்னா, காவேரி என்று ஆற்றுப் பெயர்கள். நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாற்றுவதற்காக பிரிட்டனில் கட்டிய கப்பல்கள் அவை. சுதந்திர இந்தியாவின் எதிரியிடம் அன்றைக்கு நீர்மூழ்கியே கிடையாது.

பெரிய கப்பல் வாங்கவும் வழியிருந்தது. பிரிட்டன் போர்க்காலக் கப்பல்களைத் தள்ளுபடிக் கடை மாதிரி விற்றுக்கொண்டிருந்தது. 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மனியின் 'கிராஃப் ஷ்பே'வைத் துரத்திய மூன்று க்ரூசர்களில் ஒன்று 'அக்கிலீஸ்'. 1948ல் அது இந்தியாவின் 'டெல்லி' ஆனது. அந்தப் போரைப் பற்றி 1956ல் வெளிவந்த ஆங்கிலப் படத்தை எடுத்தபோது அக்கிலீஸாக நடிக்க வேறு கப்பல் தேட வேண்டியிருக்கவில்லை. டெல்லியே போய்த் தன் இளமைக் கால வேடத்தைத் தானே போட்டுக்கொண்டது. சிவாஜிக்குக்கூடக் கிடைக்காத வாய்ப்பு.

'விக்ராந்த்'தும் இப்படி வந்ததுதான். 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் 1943ல் கட்டத் தொடங்கி, 1945ல் நீரில் இறக்கி, போர் முடிந்ததால் பாதியில் போட்ட கப்பல். பத்தாண்டுகளுக்கு மேல் அரைகுறையாகக் கிடந்ததை 1957ல் இந்தியா வாங்கி, முடிக்கச் சொல்லி, 1961ல் படையில் சேர்த்தது.

எல்லாவற்றையும்விட விசித்திரமாக ஊர் சுற்றியது ஒரு கனடா ஃப்ரிகேட். 'ஹாலோவெல்' என்ற பெயரில் 1944ல் அட்லாண்டிக் காவலுக்குச் சேர்ந்தது. போருக்குப் பிறகு ஆயுதம் கழற்றப்பட்டு மத்தியதரைக் கடலில் பயணிகளை ஏற்றியது. இஸ்ரேல் அதை மறுபடியும் போர்க்கப்பலாக்கியது. 1959ல் இலங்கை வாங்கி 'கஜபாகு' என்று பெயர் வைத்தது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவனின் கண்ணகி விழாவுக்கு வருகிற கயவாகு மன்னன்தான் இந்த கஜபாகு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கருத்து. பத்தினிக் கோட்டம் பார்க்க வந்த அரசனின் பெயர் மாண்ட்ரியலில் கட்டிய கப்பலின் நெற்றியில் ஏறியது.

பழைய கப்பலுக்குப் புது வேலை கிடைப்பது 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நன்றாகத் தெரிந்தது. விக்ராந்தை வேட்டையாட பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. விக்ராந்த் சென்னையிலிருந்து நழுவி அந்தமானில் ஒதுங்கியிருந்தது. அதற்குப் பதிலாக விசாகப்பட்டினத்துக்கு வெளியே போய், விக்ராந்த் மாதிரியே வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது 'ராஜ்புத்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டெஸ்ட்ராயர் அது, ஓய்வு பெறும் வயது. காஸி டிசம்பர் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட இரவில் விசாகப்பட்டினம் வாசலில் மூழ்கியது. ராஜ்புத் வீசிய குண்டில் மூழ்கியது என்கிறது இந்தியா, தானே விதைத்த கண்ணியில் சிக்கியது என்கிறது பாகிஸ்தான். எப்படியிருந்தாலும் விமானந்தாங்கி வேடம் கட்டுவது எந்த டெஸ்ட்ராயரின் வேலைப் பட்டியலிலும் இருந்ததில்லை.

அதே போரில் இந்தியாவின் 'குக்ரி'. நீர்மூழ்கியைத் தேடி அழிப்பதற்கென்றே மலிவாக வடிவமைத்த பிரிட்டிஷ் ஃப்ரிகேட் வகை. டிசம்பர் 9 இரவு டையூ அருகே அதை மூழ்கடித்தது பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கி. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். ஒரு தலைமுறைக்கு முந்தைய நீர்மூழ்கியை மனதில் வைத்துக் கட்டிய கப்பல், அடுத்த தலைமுறை நீர்மூழ்கியின் முன்னால் நின்றது. வேட்டைக்காரனின் காதைவிட இரையின் காது கூர்மையாக இருந்தது.

குக்ரியின் உடன்பிறப்புகள் 'கிர்பான்', 'குதார்' இரண்டும் பிழைத்தன. இனி அவற்றை வைத்து நீர்மூழ்கி வேட்டை ஆட முடியாது என்பது தெளிவாகிவிட்டது. அதே சமயம் 1970களில் கடல் வழியே கடத்தல் கட்டுமீறிப் போயிருந்தது, பம்பாய்க்கு மேற்கே கடலடியில் எண்ணெயும் கிடைத்திருந்தது. இவற்றைக் காவல் காக்கக் கடற்படையின் பெரிய கப்பல்களை ஓட்டுவது, கொசுவலை தைக்க தையல் இயந்திரத் தொழிற்சாலையையே வாடகைக்கு எடுப்பது போல. கே.எஃப். ருஸ்தம்ஜி குழுவின் பரிந்துரைப்படி 1977 பிப்ரவரி 1 அன்று கடலோரக் காவல்படை இடைக்காலமாகத் தொடங்கியது, அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. அதன் முதல் சொத்து கடற்படை கொடுத்த ஐந்து ரோந்துப் படகுகளும் இரண்டு பழைய ஃப்ரிகேட்களும். அந்த இரண்டும் கிர்பானும் குதாரும்தான். காயல்பட்டினம் கடற்கரையில் தெரிகிற வெள்ளைக் கப்பலின் பரம்பரை இப்படி ஒரு தோல்வியின் மிச்சத்திலிருந்து தொடங்குகிறது.

இனி எதிர்க்கரை.

மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் பெரிய கப்பல்களின் கடல் இல்லை. 1538ல் வேதாளை அருகே போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசாவும் மரைக்காயர்களின் படையும் மோதியபோதும் துடுப்புப் போட்ட இலகுவான கலங்கள்தான் முக்கியமாக இருந்தன. ஆழமில்லாத நீர், மணல் திட்டு, பாறைப் பார். இங்கே கனத்த கப்பல் யானை சேற்றில் இறங்கிய கதைதான். சுமார் நானூற்றைம்பது ஆண்டு கழித்து விடுதலைப் புலிகளின் கடற்படையான கடற்புலிகளும் இலங்கைக் கடற்படையும் மோதியபோதும் கடல் மாறியிருக்கவில்லை.

கடற்புலிகளிடம் இருந்தவை ஃபைபர் படகுகள். பின்னால் நான்கைந்து வெளிப்பொருத்து மோட்டார்கள், முன்னால் கனரகத் துப்பாக்கி, கூட்டத்துக்குள் வெடிமருந்து ஏற்றிய கரும்புலிப் படகு ஒன்றோ இரண்டோ. எது சுடும் படகு, எது வெடிக்கும் படகு என்று ரேடார் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு எதிரே இலங்கைக் கடற்படை வைத்திருந்தது இஸ்ரேலிய டோரா வேகத் தாக்குதல் படகுகளும் அவற்றைப் பார்த்துக் கொழும்பில் கட்டியவையும். சுமார் 25 மீட்டர் நீளம், மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். வடக்கு, கிழக்குத் தமிழர்களின் பேச்சில் 'டோரா' என்ற சொல்லே ஒரு தனி அச்சம். படகு தெரிவதற்கு முன்பே சத்தம் தெரியும் என்பார்கள். ஆனால் பத்துப் பதினைந்து சிறு படகுகள் ஒரு டோராவைச் சூழ்ந்துகொண்டால் அதன் வேகம் உதவாது. அப்படிப் பல டோராக்களைக் கடற்படை இழந்தது.

வைஸ் அட்மிரல் வசந்த கரன்னகொட தளபதியாக இருந்த 2005க்குப் பிந்தைய ஆண்டுகளில் கடற்படை இன்னும் பெரிய கப்பலை நோக்கிப் போகவில்லை, சிறியதை நோக்கித் திரும்பியது. 23 அடி நீளமுள்ள ஆரோ படகுகளை உள்நாட்டிலேயே நூற்றுக்கும் மேலாகக் கட்டிக் கூட்டம் கூட்டமாக இறக்கினார்கள். கடற்புலிகளின் உத்தியை அவர்கள்மீதே திருப்பியது அது. இன்னொரு பக்கம், ஆயுதம் ஏற்றி நடுக்கடலில் காத்திருந்த புலிகளின் கப்பல்களைத் தேடி 2007ல் கரையிலிருந்து ஆயிரம் கடல்மைலுக்கும் அப்பால் போக வேண்டியிருந்தது. அதற்கு ஆரோவும் ஆகாது, டோராவும் ஆகாது. இந்தியா 2000ல் கொடுத்த 'சயுர' (முன்பு நம் 'சரயு'), அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடமிருந்து வந்த 'சமுதுர' போன்ற பழைய ரோந்துக் கப்பல்கள்தான் அந்தத் தூரம் போயின. விண்வெளிக் கதைகளில் எப்போதும் வெல்கிறது நடுத்தர அளவு வீரக் கப்பல். இந்தப் போரில் வேலை செய்தவை மிகச் சிறியதும், கிழட்டு நெடுந்தூரக் கப்பலும்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதன் கடைசி வாரங்களில் நந்திக்கடல் கரையில் மாட்டிக்கொண்ட மக்களின் கதை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. கடற்படையைப் பொறுத்தவரை ஒரே நாளில் எதிரி இல்லாமல் போனான். கையில் இருந்தவை கரையோரம் சில மணி நேரம் பாய்ந்து சண்டையிட்டுத் திரும்பும் படகுகள். அவற்றில் படுக்க இடம் குறைவு, சமைக்க வசதி குறைவு, வாடைக்காலத்து அலையில் நாட்கணக்கில் நிற்க முடியாது. நாட்டின் தனிப் பொருளாதாரக் கடலோ 5,17,000 சதுர கிலோமீட்டர். தரைப்பரப்பைப் போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

எனவே படை உருமாறியது. கோவா கப்பல் கட்டும் தளத்தில் 105 மீட்டர் நீள ரோந்துக் கப்பல்கள் 'சயுரால', 'சிந்துரால' இரண்டும் 2017, 2018ல் வந்தன. சீனா ஒரு பழைய ஃப்ரிகேட்டைக் கொடுத்தது, 2019ல் அது 'பராக்ரமபாகு' ஆனது. அதே ஆண்டு அமெரிக்காவின் 'ஷெர்மன்' வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டு வயது, வியட்நாம் போரில் சுட்ட கப்பல். அதற்கு வைத்த பெயர், வேறென்ன, 'கஜபாகு'. கயவாகு மன்னனுக்கு இது இரண்டாவது பிறவி, இரண்டும் அடுத்தவர் போரில் மிஞ்சியது. கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு இரண்டு என்று கப்பல் வாங்கியிருப்பதைப் பார்த்தால், போருக்குப் பிந்தைய கடற்படையை வடிவமைப்பது அட்மிரல்களைவிட வெளியுறவு அமைச்சகம்தானோ என்று தோன்றும்.

புதுக் கப்பல்களுக்குப் புது வகை எதிரிகள். 2020 செப்டம்பரில் 'நியூ டைமண்ட்' எண்ணெய்க் கப்பல் இலங்கைக்குக் கிழக்கே தீப்பிடித்தது. 2021ல் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' எரிந்து, பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் ஒதுங்கியது. இரண்டிலும் இந்தியக் கடலோரக் காவல்படையும் போய்த் தண்ணீர் அடித்தது. திமிங்கிலம் பார்க்க விரும்பும் சுற்றுலாப் பயணிகளை இலங்கைக் கடற்படையே டிக்கெட் போட்டு அழைத்துப் போன காலமும் உண்டு.

பழைய வேகப் படகுகளும் சும்மா இருக்கவில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக் கோடு பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இரண்டாகப் பிரிக்கிறது. கரும்புலிப் படகைத் துரத்தக் கட்டிய எந்திரம் இப்போது துரத்துவது ராமேஸ்வரத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வந்த விசைப்படகை. இலங்கைப் பக்கத்து மீனவர்களின் குறை நியாயமானதுதான். இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது, போர் முடிந்து மறுபடி கடலில் இறங்கிய யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் வலையையும் அறுக்கிறது. ஆனால் இருட்டில் பல மடங்கு வேகத்தில் பாய்ந்து வருகிற போர்ப் படகு, மரப்பலகைப் படகு ஒன்றை நெருங்குகிற கணத்தில் இந்த நியாயங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மீன்வளக் காவல் என்பது மெதுவாகப் போய், ஏறிப் பார்த்து, எழுதிக்கொள்கிற வேலை. டோராவின் உடம்பில் அந்த வேலைக்கான நிதானம் கட்டப்படவில்லை.

எந்தப் பட்டியலிலும் அடங்காத ஒன்று 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கே வந்தது. சியரா லியோன் கொடி, அமெரிக்கத் தனியார் நிறுவனம், பெயர் 'சீமேன் கார்டு ஓஹையோ'. சோமாலியக் கொள்ளையர்களிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாற்ற, கூலிக்கு ஆயுதக் காவலர்களை ஏற்றி இறக்கும் மிதக்கும் ஆயுதக் கிடங்கு அது. கடலோரக் காவல்படையின் 'நாயகி தேவி' பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தபோது உள்ளே 35 பேர், கூடவே துப்பாக்கிகள். போர்க்கப்பலா, வணிகக் கப்பலா? 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை என்றது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களும் தனியார் துப்பாக்கியும் வந்து நிரப்புகிற இடைவெளி, அரசுகள் தங்கள் கடற்படையைச் சுருக்கும்போது உண்டாவது. விண்வெளிக் கதை எழுதுகிறவர்களுக்கு அந்த வழக்குக் கட்டு ஒரு பொக்கிஷம்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் 2003 மறு உருவாக்கம் இப்படித்தான் தொடங்கும். போர் முடிந்து நாற்பதாண்டு, கிழட்டுக் கப்பலை அருங்காட்சியகமாக்குகிறார்கள். அன்றைக்கே எதிரி வருகிறான். கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாத பழங்கால ஏற்பாடு என்பதால் அது மட்டும் தப்புகிறது. நம் விக்ராந்துக்கு அந்த யோகம் இல்லை. 1997ல் ஓய்வு, மும்பையில் சில ஆண்டு அருங்காட்சியகம், 2014ல் உடைப்பு. அதன் இரும்பின் ஒரு பகுதி 2016ல் ஒரு பைக்கின் உடம்பில் கலந்து விற்பனைக்கு வந்தது.

ஹானர் ஹாரிங்டன் கதைகளுக்குத் திரும்பினால், பெரும் படைகள் மோதும் அந்த நீண்ட வரிசையின் முதல் நாவலான 'ஆன் பாசிலிஸ்க் ஸ்டேஷன்' எங்கே தொடங்குகிறது என்பது வேடிக்கை. கதாநாயகியை ஒரு பழைய இலகுரக க்ரூசரோடு யாரும் விரும்பாத ஒதுக்குப்புறக் காவலுக்கு அனுப்புகிறார்கள். அவள் முதலில் செய்வது சண்டை இல்லை, சுங்கச் சோதனை. கப்பல் கப்பலாக ஏறி, சரக்குப் பட்டியலை வாங்கி, பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். கடத்தல் சரக்கு வெளிவரும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது.

2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே ரோந்து போன நம் கடலோரக் காவல்படையின் 'வைபவ்' ஓர் இலங்கை மீன்பிடிப் படகை மறித்தது. மீன்பிடிப் படகுதான், ஆறு பேர்தான். ஏறிப் பார்த்தவர்கள் வலையையும் ஐஸ் பெட்டியையும் விட்டுவிட்டு எரிபொருள் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். டீசல் இல்லாத தொட்டிக்குள் பொட்டலம் பொட்டலமாக ஏறக்குறைய 100 கிலோ ஹெராயின், ஐந்து கைத்துப்பாக்கி, ஒரு சாட்டிலைட் போன்.